ஜப்பானியப் படத்துக்கு வாசல் திறந்த அமெரிக்கர்

ஜப்பானியத் திரைப்படத்தை அயல்நாடுகளில் பரப்பியவர்களுக்கென 1983-இல் ஏற்பட்டது கவாகிதா விருது. அதை முதலில் பெற்றவர் டொனால்ட் ரிச்சி என்ற அமெரிக்கர். கவாகிதா தம்பதியர் யார் தெரியுமோ? ஐரோப்பியப் படங்களைத் தருவித்து விற்ற வியாபாரிகள். வணிகர் பேரில் அறிஞருக்கு விருது என்றால் என்போன்றவனுக்குச் சந்தோஷம் இராதா!

1924-இல் ஒஹாயோவில் பிறந்த ரிச்சி, போர் முடிந்தபின் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் தட்டச்சராக ஜப்பான் சென்றவர். 1959-இல் ஜோசப் ஆண்டர்சனோடு சேர்ந்து ஜப்பானியப் பட வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். முழுமையான நூல் என்ற வகையில் அதுவே முதலாவது.

குரோசாவாவுக்கு அதற்கு முன்பே பெயர் வந்தாயிற்று. 1951-இல் வெனிஸ் விழாவில் 'ராஷோமோன்' பரிசு பெற்றதே! சிக்கல் ஓசுவிடம்தான். வாள்வீச்சு கிடையாது, மகள் கல்யாணம், வயசான பெற்றோர், இவைதாம் கதை. "அசல் உள்ளூர்ச் சரக்கு, வெளியே போகாது" என்று படக்கம்பெனிக்காரர்களே எண்ணினார்கள். சரக்குக்காரனே இப்படி நினைத்தால் வாங்குகிறவன் எப்படி வருவான்?

ரிச்சி விடவில்லை. 1963-இல் பெர்லின் விழாவுக்கு ஓசு படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். அவ்வாண்டு டிசம்பரில் ஓசு காலமானார். 1974-இல் அவரைப் பற்றித் தனிநூலே எழுதினார் ரிச்சி.

1953-இல் வந்த 'டோக்கியோ கதை'யில், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் கிழவன் கிழவிக்கு, பிள்ளைகளிடம் நேரம் இல்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் வீடுகளில் இதற்கு உரையாசிரியர் வேண்டுமோ?

இத்தனைக்கும் ரிச்சிக்குப் பேச்சு நன்றாக வரும், ஜப்பானிய எழுத்து வாசிப்பு அவ்வளவு கைவரவில்லை. பார்த்தும் பழகியும் சேர்த்த அறிவுதான் பெரும்பாலும். 2013-இல் டோக்கியோவிலேயே காலமானார்.