பதவியை மறுத்தார், பணி கிடைத்தது

புது தில்லி: நாடாளுமன்றத்துக்குள் நுழையக் குறைந்தபட்ச வயது உண்டு, மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30. வெளியேறும் வயது என எதையும் அரசியல் சாசனம் வகுக்கவில்லை. 1952-இல் முதல் மக்களவைக்குத் தேர்வான மணிப்பூரின் ரிஷாங் கெய்ஷிங், 2014-இல் மாநிலங்களவையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 93. தாமாக ஓய்வு கேட்கும் உறுப்பினர்கள் அரிது. கட்சி வாய்ப்பு மறுத்தால்தான் உண்டு.

இதற்கு விதிவிலக்கு நானாஜி தேஷ்முக். ஜனசங்கத்தின் முன்னணித் தலைவராக விளங்கிய அவர், 1977 தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் பல்ராம்பூர் தொகுதியில் வென்றார். மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் இடம் தேடி வந்தது. ஏற்க மறுத்தார். 60 வயதைக் கடந்தவர்கள் அதிகாரத்தை விட்டு விலகி ஆக்கப் பணிக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் நிலை. அந்த அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவருக்கு அப்போது வயது 81!

சொன்னதோடு நிற்கவில்லை. முதலில் சென்றது தமது தொகுதி அடங்கிய கோண்டா மாவட்டத்துக்கு. இரும்புக் குழாய் வாங்க வசதியற்ற சிறு விவசாயிகளுக்காக, மூங்கிலைக் குழாயாக இறக்கிக் கிணறு அமைக்கும் முறை அங்கு பரவியது. பின்னர் சித்ரகூடம். அங்கு 1991-இல் உருவான கிராமோதய பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் அவரே. படித்த இளம் தம்பதியரைக் கிராமங்களிலேயே குடியமர்த்தி, அவர்கள் வழியாகப் பணி செய்வது அவரது முறை. ஊர்ச் சச்சரவுகளை நீதிமன்றம் போகாமல் ஊரிலேயே தீர்த்துக்கொள்ளும் அக்கிராமங்களை, 2005-இல் நேரில் சென்ற குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் பாராட்டினார். நானாஜியின் அரசியலை ஏற்காதவர்களும் இந்த முப்பதாண்டு உழைப்பை மறுக்க இயலாது. 2010-இல் 93-ஆம் வயதில் சித்ரகூடத்திலேயே காலமானார். விருப்பப்படி அவரது உடல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டது.

அவருக்கு இயக்கமும் தொண்டர்களும் இருந்தனர். அலுவலகத்திலிருந்து மாலையோடு வீடு திரும்பும் சாதாரணக் குடிமகனுக்கு என்ன இருக்கிறது?

மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1998-இல் 58-லிருந்து 60 ஆனது. அதற்கு அப்பால் அவரது அனுபவத்தை என்ன செய்வது என்று எவரும் கேட்பதில்லை. சாசனத்தின் 41-ஆவது பிரிவு, வேலை பெறும் உரிமையையும் முதுமைக்கால உதவியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்கிறது. சட்டம் இயற்றியவர்கள் அதை இரண்டாகப் பிரித்துவிட்டனர். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் உச்ச வயது வரம்பு வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அது தந்தது மண் வெட்டும் வேலை. முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கோ, 80 வயதுக்கு உட்பட்டோருக்கு மாதம் 200 ரூபாய். உயர்த்துமாறு நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்தும் பல்லாண்டுகள் அது அசையவில்லை. இந்தத் தொகையில் வாழ வேண்டியவருக்கு வேலை என்பது மனநிறைவுக்கு முன்பு சோற்றுக்கான வழி.

2007-இல் நிறைவேறிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஜீவனாம்சம், முதியோர் இல்லம், மருத்துவம், சொத்துப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பேசுகிறது. வேலையைப் பேசவில்லை. ஜீவனாம்சத்துக்கான 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்க 2019-இல் திருத்த மசோதா வந்தது. நிலைக்குழு அறிக்கை அளித்த பிறகும் விவாதத்துக்கு எடுக்கப்படாமல், 2024-இல் 17-ஆவது மக்களவை கலைக்கப்பட்டபோது அதுவும் காலாவதியானது.