முள் இறங்கினால் மகிழாதீர்கள்!

சித்திரை மாதத்து உச்சி வேளை. சென்னையிலிருந்து கிளம்பி, உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சி ரஸ்தாவை விட்டு, சேலம் ரஸ்தாவில் திரும்பி, தியாகதுருகத்தை நெருங்கிக் கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். (கற்பனைதானே, கஞ்சத்தனம் எதற்கு?) தூரத்தில் மலைக்கோட்டை தெரிகிறது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஹைதர் அலியின் படைகளும் ஒரு காலத்தில் போட்டி போட்ட கோட்டை அது. உங்களுக்கோ அதைப் பார்க்க நேரமில்லை. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி அசைந்து போகிறது. உங்கள் வண்டியும் ஊர்கிறது. காற்று முகப்பில் மோதவில்லை. மீட்டரில் உஷ்ண முள் மெள்ள மெள்ள மேலே ஏறுகிறது. உங்களுக்கு வியர்க்கிறது.

திடீரென்று முள் சரசரவென்று கீழே இறங்கிவிடுகிறது. "அப்பாடா!" என்று பெருமூச்சு விடுகிறீர்கள்.

விடாதீர்கள்! வண்டியை அங்கேயே ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்துங்கள். ஆபத்து நீங்கியதாக நினைத்த அந்தக் கணத்தில்தான் ஆபத்து ஆரம்பமாகியிருக்கலாம்.

ஏன் என்கிறீர்களா? முள் தானாக எதையும் அறியாது. என்ஜினுக்குள் ஓடும் கூலன்டில் மூக்கை நுழைத்துக் கொண்டிருக்கும் ஒரு சிறு சென்சார் சொல்வதைத்தான் அது காட்டுகிறது. அந்த மூக்கு திரவத்தில் மூழ்கியிருக்கும் வரையில் அதன் பேச்சை நம்பலாம். ஒரு ரப்பர்க் குழாய் வெடித்து, கூலன்ட் எல்லாம் ரஸ்தாவில் கொட்டிப் போயிற்று என்றால், மூக்கு வெறும் ஆவியில் நிற்கும். ஆவி, திரவத்தைப் போல் சூட்டைச் சென்சாருக்குக் கொடுப்பதில்லை. ஆகவே உள்ளே இரும்பும் அலுமினியமும் வெந்து கொண்டிருக்க, முள் மட்டும் 'குளிர்ச்சி' என்று காட்டக்கூடும். இதை நம்பி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், காஸ்கட் போய்விடும். பிறகு செலவு ஆயிரங்களில் நிற்காது.

பழைய நாட்களில் சமாசாரம் எளிமையாக இருந்தது. 1912-ல் அமெரிக்காவில் பாய்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற 'மோட்டோமீட்டர்', ரேடியேட்டர் மூடியின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஓர் உஷ்ணமானி. வண்டி ஓட்டுகிறவர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில், ஈதர் நிரப்பிய மெல்லிய குழாய் ஒன்று என்ஜினிலிருந்து மீட்டர் வரையில் ஓடியது. அதற்கும் பிறகு மின்சாரக் கம்பி வந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நமக்கு ஏதோ சீமைச் சமாசாரம் என்று தோன்றும். ஆனால் சென்னையை அடுத்து 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? 948 சி.சி. என்ஜின் கொண்ட அந்தச் சாது வண்டியின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான், 1962-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம் ஊர் வீதியில் போன வண்டிக்கு அப்படி ஒரு துடுக்குத் தம்பி!

அவற்றில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய வண்டிகளில் உண்டு. அங்கேதான் குழப்பம். "சென்சாரை மாற்று" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுகிறோமே, எந்தச் சென்சாரை?

சுமார் முப்பது வருஷத்துக்கு முந்திய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் மூன்று பேர் இந்த உத்தியோகம் பார்ப்பார்கள். ஒருவர் மீட்டர் முள்ளுக்குச் செய்தி அனுப்புகிறவர். சாதாரணமாக இவருக்கு ஒரே கம்பிதான், எர்த் அவருடைய உடம்பு வழியாகவே கிடைத்துவிடும். இரண்டாமவர் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்கிறவர். இவருக்கு இரண்டு கம்பிகள். மூன்றாமவர் ரேடியேட்டர் விசிறியை முடுக்கும் ஸ்விட்ச். ஒருவர் பொய் சொல்வது மற்றவருக்குத் தெரியாது! 1989-ல் ஜப்பானில் பிறந்து, உலகத்திலேயே அதிகமாக விற்ற இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயரெடுத்த மாஸ்தா மியாட்டாவில், முதல் இருவரும் என்ஜினின் பின்புறத்தில், கை நுழையாத சந்தில் ஒளிந்திருக்கிறார்கள். புதிய வண்டிகள் பலவற்றில் ஒரே சென்சார் எல்லா வேலையையும் பார்த்துவிடுகிறது. உங்கள் வண்டிக்கு எப்படி என்பதைக் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்வது உத்தமம்.

யார் பொய்யர் என்று கண்டுபிடிப்பது எப்படி? வண்டியின் நடத்தையைக் கவனியுங்கள். என்ஜின் நன்றாக ஓடுகிறது, முள் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் முதலாமவர் மேல் சந்தேகம். கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் அடம், மைலேஜ் சரிவு - இவை இரண்டாமவரின் கைங்கரியமாக இருக்கலாம். என்ஜின் குளிர்ந்து கிடக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்ப வைத்துவிட்டார். அதுவும் பெட்ரோலை வாரி வாரி இறைக்கிறது. ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் மட்டும் சூடேறினால், விசிறியையும் அதன் ஸ்விட்சையும் பாருங்கள்.

இன்னொரு சுலபமான பரீட்சை உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் சொருகிப் படிக்கும் சிறு கருவி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. விடியற்காலையில், ராத்திரி முழுதும் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். கூலன்டின் உஷ்ணமும் உள்ளே போகும் காற்றின் உஷ்ணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 27 டிகிரி, கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறதா? தியாகதுருகத்தில் பனி பெய்யவில்லை; கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பிளக் கழன்றிருக்கிறது, அல்லது சென்சார் செத்துவிட்டது. முதல் இரண்டையும் பார்த்துவிட்டுப் பிறகு காசை எடுங்கள். பச்சை பூத்த பிளக்கைச் சுத்தம் செய்தவுடன் பிழைத்துக்கொண்ட சென்சார்கள் ஏராளம்.

கழற்றிய சென்சாரையும் சோதிக்கலாம். உஷ்ணம் ஏற ஏற மின்தடை குறைவது அதன் சுபாவம். கம்ப்யூட்டருக்கான சென்சார்களில் பரவலாக உள்ள ஒரு வகையில், 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 40-ல் 1,200, 60-ல் 600, 80-ல் 320 என்று மல்டிமீட்டர் காட்டும். நுனியை வெந்நீரில் தொங்கவிட்டு, நீர் ஆற ஆறக் குறித்துக்கொண்டே வாருங்கள். எண்கள் படிப்படியாக ஏறாமல் நடுவில் துள்ளினால் ஆசாமி நம்பத் தகாதவர். ஒரு வேண்டுகோள்: இதற்குச் சமையலறைப் பாத்திரத்தை எடுக்காதீர்கள். வீட்டு அம்மாளின் கோபத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், தித்திக்கிற விஷம். குழந்தைகளும் நாயும் பூனையும் நக்கிவிடும்.

மாற்றுகிற வேலைக்கு முதல் விதி பொறுமை. பிரஷர் குக்கரில் வெயிட் போட்டால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறதல்லவா? ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், உள்ளே அடங்கிக் கிடந்தது அத்தனையும் குபீரென்று கொதித்து முகத்தில் பாயும். முகமும் கையும் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ஆகவே என்ஜின் முழுதும் ஆறட்டும். இரவில் விட்டுக் காலையில் தொடங்குவது நல்லது. பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி இல்லாமலே விசிறி சுழன்று விரலைப் பதம் பார்க்கும்.

சென்சார் மட்டத்துக்குக் கீழே போகும் அளவு கூலன்டை ஒரு பேசினில் வடித்துக்கொள்ளுங்கள். பிளக்கின் கிளிப்பை அமுக்கி எடுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. புதியதைக் கையால் திருகி, மரை சரியாகப் பிடித்த பிறகே ஸ்பானர் போடுங்கள். அலுமினிய ஹெட்டில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். ஒற்றைக் கம்பிச் சென்சாருக்கு வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவது நம் ஊர் வழக்கம். அதில்தான் மோசம். உடம்பு வழியாகக் கிடைக்க வேண்டிய எர்த் அறுந்து, புத்தம் புதுச் சென்சாரும் ஊமையாகிவிடும். "கம்பெனி சாமான் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை வேறு!

பிறகு சரியான கூலன்டை ஊற்றுங்கள். கலக்க வேண்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரையே கலக்க வேண்டும். கிணற்று நீரும் போர் நீரும் உள்ளே உப்பைப் படிய வைத்து, சென்சாரின் மூக்கையே மூடிவிடும். வழியில் வேறு கதியில்லை என்றால் ஊற்றலாம், என்ஜின் ஆறிய பிறகு. கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடலாம்.

கடைசியாக, காற்றை வெளியேற்ற வேண்டும். முகப்பைச் சற்று உயர்த்தி நிறுத்தி, உள்ளே ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜினை ஓடவிடுங்கள். (சித்திரையில் ஹீட்டரா என்று அயலார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டால் அது சென்சாரைச் சூழ்ந்து, டிராக்டருக்குப் பின்னால் நடந்த அதே நாடகத்தை மறுபடியும் நடத்தும். விசிறி தானாக ஒரு முறை சுழன்று நிற்கும் வரையில் காத்திருங்கள். மறுநாள் காலையில், ஆறிய பிறகு மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்புங்கள். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்குக் கல்வராயன் மலைப் பாதையில் ஏறுகிற உத்தேசமிருந்தால், இந்த இரண்டாவது பார்வை இல்லாமல் புறப்பட வேண்டாம்.