முட்டையும் சூழலும்: இரு நாடுகள் தரும் பாடம்

புவி வெப்பமடைதல் பற்றிப் பேசும்போது தொழிற்சாலைப் புகையும் வாகனப் புகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. காலை உணவுத் தட்டிலுள்ள முட்டைக்கும் அதில் பங்குண்டு என்பதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. இப்பங்கு எங்கிருந்து வருகின்றது, அதனைக் குறைக்க முடியுமா என்னும் வினாக்களுக்கு ஐக்கிய அமெரிக்காவினதும் கனடாவினதும் அனுபவம் விடை தருகின்றது.

கோழி, மாட்டைப்போல் அசைபோடும் பிராணியன்று. ஆதலால் அதன் வயிற்றிலிருந்து வெளியேறும் மெதேன் மிகச் சொற்பமே. முட்டையின் சூழற் சுமையில் பெரும்பகுதி, தீவனத்துக்காகச் சோளமும் சோயாவும் விளைவிக்கப்படும் வயல்களிலேயே தோன்றுகின்றது. அங்கு இடப்படும் நைதரசன் உரம் காரணமாக நைதரசு ஒட்சைட்டு வாயு வெளியேறுகின்றது. நூறாண்டுக் கணக்கில் நோக்கின், இவ்வாயு காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும் வல்லமை கொண்டது. கோழி எச்சத்திலிருந்தும் பச்சைவீட்டு வாயுக்கள் வெளியாகின்றன.

நேதன் பெலெட்டியே என்னும் ஆய்வாளர் இரு நாடுகளினதும் அரை நூற்றாண்டுக் கணக்கைத் தனித்தனியே ஆராய்ந்துள்ளார். சக ஆய்வாளர்களுடன் இணைந்து 2014 இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, 1960 முதல் 2010 வரையான காலத்தில் அமெரிக்காவில் ஒரு கிலோ முட்டைக்கான வாயு வெளியேற்றம் 71 சதவீதத்தால் குறைந்துள்ளது. கனடாவில் 1962 முதல் 2012 வரையான காலத்தில் ஏற்பட்ட குறைவு 72 சதவீதம் என 2018 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. இரு நாடுகளிலும் முட்டை உற்பத்தி பெருகியிருந்தும், மொத்த வெளியேற்றம் பாதிக்கு மேல் வீழ்ச்சியடைந்தமை குறிப்பிடத்தக்கது.

இவ்விரு நாடுகளினதும் பண்ணை முறைகள் ஒன்றல்ல. அமெரிக்காவில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான கோழிகளைக் கொண்ட பெருநிறுவனங்கள் சந்தையை ஆள்கின்றன. கனடாவிலோ 1970களிலிருந்து பங்கீட்டு முறையில் உற்பத்தி கட்டுப்படுத்தப்படுகின்றது. பண்ணைகளும் ஒப்பீட்டளவில் சிறியவை. வெவ்வேறு பாதைகளிற் சென்ற இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே இடத்தை அடைந்துள்ளன. ஆகவே, பண்ணை பெரிதாயின் சூழலுக்கு நன்மை என்ற வாதம் இங்கு எடுபடவில்லை.

இரு நாடுகளுக்கும் பொதுவாக இருந்தது தீவனத்தில் ஏற்பட்ட மாற்றமே. இறைச்சி, எலும்புத் தூள் போன்ற விலங்குப் பொருட்கள் தீவனத்திற் குறைக்கப்பட்டன. குறைந்த தீனியில் கூடுதல் முட்டையிடும் இனங்கள் உருவாக்கப்பட்டன. நோயால் இறக்கும் கோழிகளின் தொகை குறைந்தது. உரத் தயாரிப்பு, போக்குவரத்து என்பனவும் திறன் பெற்றன.

எனினும் இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. இவ்வாய்வுகளுக்கு முட்டைத் துறையினரின் ஆதரவு இருந்தது. அத்துடன், கணக்கிடப்பட்ட காலத்தில் பெரும்பாலான கோழிகள் சிறகு விரிக்கவும் இடமற்ற கம்பிக் கூடுகளிலேயே அடைபட்டிருந்தன. காபன் கணக்கில் அவ்வுயிர்களின் துன்பத்துக்கு இடமில்லை. இப்போது கனடா முட்டைத் துறை அத்தகைய கூடுகளை 2036 இற்குள் கைவிட உறுதியளித்துள்ளது. கலிபோர்னியாவில் கூடுகளில் அடைக்கப்பட்ட கோழிகளின் முட்டை விற்பனைக்கு 2022 முதல் தடையுள்ளது. உலாவித் திரியும் கோழி பொதுவாகச் சற்று அதிகமாகவே தீனி உண்ணும். கருணைக்கும் காபன் கணக்குக்கும் இடையிலான இந்த இழுபறியே அடுத்த சோதனையாகும்.

தீவனத்தின் முக்கியத்துவம் நமக்கும் புதிதன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் தீவனம் தட்டுப்பாடாகியமை முட்டை உற்பத்தியைப் பாதித்ததையும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. வீணாகும் ஒவ்வொரு பிடி தீவனமும் பண்ணையாளனின் பணத்தை மட்டுமன்றி, நம் பிள்ளைகள் சுவாசிக்க வேண்டிய சூழலையும் கரைக்கின்றது. முட்டையின் சூழற் கணக்கைக் கோழிக்கூட்டிலன்றித் தீவனத் தொட்டியிலிருந்தே தொடங்க வேண்டும்.