பிள்ளையின் பெயர் சொல்லி ஒரு தாலாட்டு

மார்கழியில் ஆராவில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. மாடிவீட்டில் கைக்குழந்தையோடு தனித்திருக்கும் இளம் தாய்க்கு அந்த இரவு மிக நீளமானது. ஊரில் என்றால் அம்மம்மா ஏணையை ஆட்டிப் பாடுவார். பெரியம்மா பிள்ளையை வாங்கிக்கொள்வார். இங்கே அழுகிற பிள்ளைக்குக் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுவிடுகிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நாமே ஒரு தாலாட்டைக் கட்டிப் பாடினால் பிள்ளைக்கும் தாய்க்கும் நன்மை உண்டு என்பதை இம்முறை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

பிள்ளைக்கு என்ன நன்மை?

கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 6 முதல் 9 மாதம் வரையான 30 குழந்தைகளுக்கு, அவர்கள் அறியாத துருக்கி மொழியில் பாட்டும் பேச்சும் கேட்க வைத்தார்கள். பேச்சைக் கேட்டபோது ஏறக்குறைய 4 நிமிடங்களில் சிணுங்கத் தொடங்கிய குழந்தைகள், பாட்டைக் கேட்டபோது ஏறக்குறைய 9 நிமிடங்கள் அமைதியாக இருந்தார்கள். அறியாத மொழிப் பாட்டுக்கே இப்படியென்றால், பெற்ற தாயின் குரலைச் சொல்லவும் வேண்டுமா?

தாய்க்கு என்ன நன்மை?

பிள்ளைப்பேற்றின் பின் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 134 தாய்மாரிடம் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் 10 வாரங்கள் பிள்ளைகளோடு கூடிப் பாடினார்கள். தாய்மையைப் பற்றித் தாங்களே புதுப்பாட்டுகளும் கட்டினார்கள். சோர்வு கூடுதலாக இருந்தவர்களில், பாடியவர்கள் வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட விரைவாகத் தேறினார்கள் என்று 2018இல் வெளியான முடிவு கூறுகிறது. நியூயோர்க்கில் கார்னகி மண்டபம் 2011இல் ஒரு வைத்தியசாலையில் தொடங்கிய தாலாட்டுத் திட்டத்திலும், தாய்மார் இசைக்கலைஞரோடு அமர்ந்து தம் பிள்ளைக்கென்றே பாட்டு எழுதுகிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல

பெரியாழ்வார் தம்மை யசோதையாக எண்ணிக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். பின்னாளில் வளர்ந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்தன. தலைநிமிர்த்தி அசைவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை. இன்று பிள்ளை நல வைத்தியர் தவணை முறையில் பார்க்கும் வளர்ச்சிப் படிகளை அன்றே நம் புலவர்கள் பாட்டாக வைத்தார்கள். பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கும் நமக்கு, அதற்கு நான்கு வரி பாடுவது பெரிய வேலையா?

எப்படி எழுதுவது?

சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. தெரிந்த ஒரு தாலாட்டு மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் பிள்ளையின் பெயர். அடுத்ததில் அப்பம்மா, அம்மம்மா, மாமா என்று உறவுகள். மூன்றாவதில் நம் ஊரும் ஆறே ஆறும். கடைசியில் அன்று பிள்ளை செய்த புதுமை. அவ்வளவுதான். சொல் வராவிட்டால் ஊரில் உள்ள அம்மம்மாவைத் தொலைபேசியில் கேளுங்கள். அவருக்கும் அது மருந்து.

அப்பாமாரும் பாடலாம். சுவிசில் 2021 முதல் தந்தையருக்கும் 2 வார விடுமுறை உண்டு. அந்த நாட்களில் தொடங்குங்கள். வீட்டில் தமிழில் பாடுவதால் பிள்ளையின் டொச் கெட்டுப்போகாது.

கவனிக்க வேண்டியது

பாட்டு வைத்தியத்துக்கு ஈடாகாது. அழுகை, உறக்கமின்மை, பிள்ளையில் பற்றின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மறைக்காமல் மருத்துவமாதுவிடமோ குடும்ப வைத்தியரிடமோ சொல்லுங்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்காமல் உடனே உதவி கேளுங்கள். பிறந்து 56 நாட்கள் வரை மருத்துவமாது வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கான செலவை அடிப்படைக் காப்புறுதி ஏற்கிறது. இது வெட்கப்படும் விடயமல்ல.

எழுதிய பாட்டை ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். பல் முளைத்த நாள், நடந்த நாள், கிண்டர்கார்டன் போன நாள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சேருங்கள். நாளை நம் பிள்ளை தன் பிள்ளையை மடியில் வைத்துப் பாட, அதில் நமது குரல் இருக்கும்.