கேட்குந்தொறும் இனிக்கும் இசைத்தட்டு

கண்டவுடனே உள்ளத்தைக் கவரும் பொருள்கள் சில. நாட்பட நாட்பட இனிக்கும் பொருள்கள் சில. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. திருவள்ளுவரோ பண்புடையாரது நட்பினைப் படிக்கப் படிக்கச் சுவை மிகும் நூலுக்கு ஒப்பிட்டனர். இவ்விரண்டும் உண்மையாயின், புளிப்பது எது, இனிப்பது எது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவை எம் உள்ளத்தே எழுப்பியது ஓர் ஆங்கில இசைத்தட்டு. 'டாக் டாக்' என்னும் ராக் இசைக்குழுவினர் 1988-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வெளியிட்ட 'ஸ்பிரிட் ஆவ் ஈடன்' என்பது அதன் பெயர். 'ஏதேனின் ஆவி' எனத் தமிழிற் கூறலாம்.

இக்குழு 1981-இல் லண்டன் மாநகரில் தோன்றியது. இதன் தலைவர் மார்க் ஹாலிஸ் என்னும் பாடகர். தொடக்கத்தில் இவர்கள் இயற்றியவை கேட்டவுடனே நாவிற்கு வந்துவிடும் பாடல்களாம். 1984-இல் வெளிவந்த 'இட்ஸ் மை லைஃப்' என்பதனை இன்று கேட்டவர் நாளைக் காலையில் முணுமுணுப்பர். 1986-இல் வந்த 'தி கலர் ஆவ் ஸ்பிரிங்' என்னும் தட்டு பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் எட்டாம் இடம் பெற்றது. இ.எம்.ஐ. கம்பெனியார் மகிழ்ந்து, அடுத்த தட்டிற்கு வேண்டிய பொருளும் காலமும் தாராளமாய் நல்கினர்.

வட லண்டனில் வெஸ்ஸெக்ஸ் என்றோர் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது; முன்னாளில் அது தேவாலயத்தைச் சார்ந்த மண்டபம். 1987-இல் அதனுட் புகுந்த ஹாலிஸும், அவருடன் பாடல்களை இயற்றிய டிம் ஃப்ரீஸ்-கிரீனும், ஒலிப்பொறியாளர் பில் பிரௌனும், விளக்குகளைப் பெரும்பாலும் அணைத்துவிட்டு இருளிலே பல மாதம் உழைத்தனர். வயலினுக்கு நைஜல் கென்னடி, டபிள் பேஸுக்கு டேனி தாம்ப்சன், டிரம்பெட்டுக்கு ஹென்றி லௌதர், மௌத் ஆர்கனுக்கு மார்க் ஃபெல்தம் எனக் கைதேர்ந்தோர் பலர் வந்தனர். இன்னது வாசிக்கவேண்டும் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மனம் சென்றவாறு வாசிக்கச் செய்து, பதிந்தவற்றுட் பெரும்பகுதியைக் களைந்து, எஞ்சிய சில சுரங்களை மட்டும் வேண்டுமிடத்திற் கோத்தனர். தோட்டத்துப் பூவையெல்லாம் பறித்து வந்து, மாலைக்கு நாலே பூவை வைத்துக்கொண்டாற் போன்றது இம்முறை. ஆகவே இத்தட்டில் வாத்தியங்கள் மிகப் பல. ஒரே வேளையில் ஒலிப்பன மிகச் சில.

ஆறே பாடல்கள்; ஏறக்குறைய நாற்பத்தொரு நிமிஷம். அவற்றுள் முதல் மூன்றும் இடையறாது ஒன்றாகவே ஓடுவன. பல்லவி போல மீண்டும் மீண்டும் வந்து செவியைப் பற்றிக்கொள்ளும் அடி எதனையும் எதிர்பார்த்தல் வீண். தொடக்கத்தில் இரண்டு நிமிஷமளவும் தொலைவில் ஒரு டிரம்பெட்டும் நீண்ட தந்தியொலியுமே தோன்றி மறையும். மூன்றாம் பாடலாகிய 'டிசையர்' என்பதிலோ, அதுகாறும் அடங்கியிருந்தனவெல்லாம் திடீரென இடிபோல் வெடிக்கும். ஐந்தாவதில் ஹெராயின் என்னும் கொடிய போதைப்பொருளைப் பற்றிய துயரம் பேசப்படுகின்றது. செம்ஸ்ஃபோர்டு பேராலயத்துப் பாடகர் குழுவின் குரல் அதன்மேல் மெல்ல எழுகின்றது. பிரசங்கம் அங்கே இல்லை. ஆயினும் அவ்விடம் எம்மைப் பலமுறை அசைத்ததுண்டு.

இதனை யாம் முதன்முறை கேட்டது விடுதி அறையில், கைப்பேசியில். முதலிரண்டு நிமிஷமும் மின்விசிறியின் இரைச்சலில் மறைந்தொழிந்தன. கருவிதான் பழுதோ என்று ஐயுற்று ஒலியைக் கூட்டினோம்; 'டிசையர்' வெடித்தபோது துள்ளியெழுந்தோம். இஃதும் ஓர் இசையா என்று ஒதுக்கிவிட்டோம். ஒரு திங்கள் கழித்து, ஓரிரவு மின்சாரம் நின்றது, விசிறியும் ஓய்ந்தது. பொழுது போகாமையால் மீண்டும் கேட்டோம். விசிறி விழுங்கியிருந்த இரண்டு நிமிஷத்துள் எத்தனை ஒலிகள் இருந்தன! (பரீட்சைக்குப் படிக்கவேண்டிய இரவு அது, எம் ஆசிரியர்கள் பொறுத்தருள்வாராக.) அதன்பின் ஒவ்வொரு முறையும் முன் கேளாத ஏதோவொன்று செவிப்பட்டது.

இது வெறும் பழக்கமே என்பார் உளர். ராபர்ட் சயான்ஸ் என்னும் அமெரிக்க உளநூலார் 1968-இல், ஒன்றனைப் பலமுறை கண்ட அளவிலேயே அதன்மேல் விருப்பம் மிகுகின்றது என்று சோதனைகளால் நாட்டினர். பொருளற்ற சொற்களும் அவ்வாறே விரும்பப்பட்டன. இதுவே முழுக்காரணமாயின், எல்லாத் தட்டும் கேட்கக் கேட்க இனித்தல் வேண்டும், அவ்வாறில்லையே. சந்தைக்கடைகளில் நாள்தோறும் அலறும் பாடல் பத்தாம் நாளில் தலைவலியாகின்றது. கனடாவில் ஆராய்ச்சி செய்த பெர்லைன் என்பார் 1970-இல் இதற்கு விளக்கம் தந்தனர்: எளிய அமைப்புடையது விரைவிற் சலிக்கும், சிக்கலான அமைப்புடையது முதலில் மருட்டிப் பின்னர் இன்பந் தரும். அடுத்து வருவது இன்னதென்று மனம் முன்னுணர்ந்து பார்த்து, அம்முன்னுணர்வு ஓரளவு மெய்யாகி ஓரளவு பொய்யாகும் இடத்தில்தான் சுவை பிறக்கின்றது என்று யாம் கொள்கின்றோம். பாலைப் புளிக்கச் செய்வதும் நூலை இனிக்கச் செய்வதும் இவ்வேறுபாடே போலும். ஹாலிஸ் களைந்தெறிந்தவற்றின் வெற்றிடங்களைக் கேட்போரே நிரப்பவேண்டும்; அதற்குப் பலமுறை வேண்டும்.

வாணிகத்திற்கோ பலமுறை காத்திருக்கப் பொறுமையில்லை. இத்தட்டு விற்பனை வரிசையில் பத்தொன்பதாம் இடத்தோடு நின்றது. மேடையில் இவற்றைப் பாட ஹாலிஸ் இசையவில்லை. ஒப்பந்தத்தைக் குறித்துக் கம்பெனியோடு வழக்கும் மூண்டு, முடிவில் குழுவினர் விடுபட்டனர். 1991-இல் வேறொரு கம்பெனி வாயிலாக 'லாஃபிங் ஸ்டாக்' என்னும் தட்டினை வெளியிட்டுக் குழு கலைந்தது. ஹாலிஸ் 1998-இல் தனியே ஒரு தட்டு வெளியிட்டு இசையுலகை விட்டு விலகினார், 2019-இல் மறைந்தார். பிற்காலத்தார் 'போஸ்ட்-ராக்' என்று ஒரு வகைக்குப் பெயரிட்டு, அதன் முன்னோடிகளுள் ஒன்றாக இத்தட்டினைப் போற்றுகின்றனர். ஆனால் இக்காலத்து இணைய இசைச்சேவைகளுட் பெயர்பெற்ற ஒன்று, முப்பது விநாடி கேட்டாலே ஒரு பாடலைக் கேட்டதாகக் கணக்கிடுகின்றது. முப்பதாம் விநாடியில் இத்தட்டு இன்னும் தொடங்கவேயில்லை என்று பலர் எண்ணிக்கொண்டிருப்பர்.

எம் அறைத்தோழர் இதனை மூன்று முறை கேட்டுவிட்டார். இன்னும் பிடிக்கவில்லையென்றே சாதிக்கின்றார். ஆயினும் நேற்றிரவு இத்தட்டினைத் தொடங்கியபோது, அவரே எழுந்து சென்று விசிறியை நிறுத்தினார்.