தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு பட்டம்!

"பிரசவம் பார்ப்பதைக் கணினியிலே படிக்கலாமாம், பாட்டி!" என்று உங்கள் வீட்டுப் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். "பாயில் படுத்துக்கொண்டே நீச்சல் கற்றுக்கொண்ட கதைதான்!" என்று பொக்கை வாய் திறந்து சிரிப்பாள்.

பாட்டியின் சந்தேகம் நியாயமானதே. ஆனாலும் அமெரிக்காவில் எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தே பாடம் படித்து, நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சையில் தேறி, மருத்துவச்சிகளாகப் பணி செய்து வருகிறார்கள். அந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? கென்டக்கி மாநிலத்து மலைகளுக்கு என்னோடு சற்று வாருங்கள்.

மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற மாதரசியின் பெண் குழந்தை 1916-ல் பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்தது. 1918-ல் நான்கு வயது மகனையும் பறிகொடுத்தார். தாயின் துயரம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஆனால் அவர் அழுதபடியே உட்கார்ந்துவிடவில்லை. நர்ஸாகிய அவர், இங்கிலாந்து சென்று மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றுத் திரும்பினார். 1925-ல் அந்த மலைகளில் மருத்துவ சேவை ஒன்றைத் தொடங்கினார். சாலை வசதி இல்லாத பிரதேசம்! அவருடைய மருத்துவச்சிகள் குதிரை ஏறி, ஆறுகளைக் கடந்து, பிரசவ வீடுகளுக்குப் போனார்கள். 1939-ல் யுத்தம் மூண்டது. பிரிட்டனிலிருந்து வந்திருந்தவர்களில் பலர் தாய்நாடு திரும்பினார்கள். உடனே அங்கேயே ஒரு பள்ளி பிறந்தது.

ஐம்பது ஆண்டுகள் சென்றன. இப்போது வேறொரு சங்கடம். மருத்துவச்சியாக விரும்பும் நர்ஸுகள் பலர் இருந்தார்கள்; ஆனால் கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெகுதூரம் போய்ப் படிக்க முடியவில்லை. அதனால் 1989-ல், பழைய மாணவி கிட்டி எர்ன்ஸ்ட் முதலியவர்களின் முயற்சியால், பள்ளிக்கூடமே மாணவியின் வீடு தேடிப் போயிற்று! முதலில் தபாலிலும் டெலிபோனிலும் போன பாடம், பிறகு கணினிக்குள் புகுந்தது. 2011 முதல் அதன் பெயர் ஃபிரான்டியர் நர்ஸிங் பல்கலைக் கழகம்.

சரி, இவர்கள் தேறுவது எப்படி? முதலாவது, இங்கே சேருகிறவர்கள் ஒன்றும் அறியாத சிறுமிகள் அல்ல, ஏற்கெனவே நர்ஸுகள். இரண்டாவது, கணினி சொல்லித் தருவது ஏட்டுப் பாடத்தை மட்டுமே. கைப்பழக்கத்துக்குக் கணினி உதவாது. பிரசவ அறைக்குள் காலெடுத்து வைக்குமுன் மாணவி கென்டக்கிக்கு நேரில் வந்து, பொம்மைகளை வைத்துக்கொண்டு ஆசிரியைகளின் கண்ணெதிரே பழக வேண்டும். பிறகு தன் ஊர்ப்பக்கத்திலேயே அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் கர்ப்பிணிகளைக் கவனித்து, பிரசவமும் பார்க்க வேண்டும். பாட்டி இப்போது சிரிப்பாளா?

மூன்றாவது, கெடு. ஆரம்ப நாட்களில் அவரவர் வசதிப்படி படிக்கலாம் என்று விட்டிருந்தார்கள். 'வசதிப்படி' என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம்? 'நாளைக்கு' என்று அர்த்தம்! பின்னாளில் பாடங்களைத் தவணைகளாகப் பிரித்துக் கெடுவும் வைத்தார்கள்.

நான்காவது விஷயந்தான் முக்கியம், சகோதரிகளே. வகுப்பறையில் ஒரு பெண் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தால் பக்கத்துத் தோழி கவனிப்பாள். வீட்டிலே தனியாகப் படிக்கிறவள் பின்தங்கினால் யார் கவனிப்பது? ஆசிரியை காலத்தில் விசாரிக்க வேண்டும்; வீட்டாரும் கை கொடுக்க வேண்டும். மூளை இருந்தும் நேரம் இல்லாமல் தோற்கிறவர்கள் உண்டு. ஒரு மருத்துவச்சி பாதியில் படிப்பை விட்டால் நஷ்டம் அவளுக்கு மட்டுமா? நள்ளிரவில் வலி கண்டு தவிக்கும் ஏதோ ஒரு தாய்க்கும்தான்.

உங்கள் மகளோ மருமகளோ கணினி முன் அமர்ந்து படிக்கிறாளா? "வீட்டில்தானே இருக்கிறாய், அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். அந்த இரண்டு மணி நேரம் அவள் வீட்டில் இல்லை, கல்லூரியில் இருக்கிறாள். தொட்டிலை நீங்கள் ஆட்டுங்கள். பாட்டியும் ஒரு கை பிடிக்கட்டும்!