மிச்ச நூலின் கணக்கு

உங்கள் வீட்டுப் பரண்மேலோ அலமாரியின் அடித்தட்டிலோ ஒரு துணிப்பை இருக்கிறதா என்று பாருங்கள். வாசல் தோரணம் பின்னி மிஞ்சிய சிவப்பு உல்லன், குழந்தைக்குக் குல்லாய் போட்டு மிஞ்சிய மஞ்சள், யாரோ ஸ்வெட்டர் தொடங்கிப் பாதியில் விட்ட நீலம் என்று சின்னச் சின்ன உருண்டைகள் அதில் சிக்கிக் கிடக்கும். தூக்கி எறிய மனம் வராது. முழுதாக ஒன்று பின்னவும் போதாது.

இந்த மிச்ச நூலுக்குக் குரோஷா பின்னுகிறவர்கள் கண்ட நல்ல வழி ஒன்று உண்டு. நடுவில் ஒரு நிறம், அதைச் சுற்றி வேறொரு நிறம், அதற்கு வெளியே இன்னொன்று என்று உள்ளங்கை அளவு சதுரங்களாகப் பின்னுவது; பிறகு அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வையாக்குவது. ஆங்கிலத்தில் இதன் பெயரே ‘பாட்டிச் சதுரம்’ என்று பொருள்படும். இந்தப் பின்னல்முறை 1885-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விவசாய இதழான ‘பிரெய்ரி ஃபார்மர்’ பக்கங்களில் அச்சாகியிருக்கிறது. அங்கும் பயன்படுத்தியது மிஞ்சிய நூலைத்தான்.

மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியம்மா இப்படிச் சதுரம் பின்னுவதில் தேர்ந்தவர். ஒரு நாள் இரண்டு சதுரங்களை என் முன்னால் வைத்தார். ஒன்று மேசையில் தட்டையாகப் படிந்தது. மற்றொன்றின் ஓரம் அலை அலையாக எழுந்து நின்றது. “முதலாவதில் கொத்துக்கு மூன்று கண்ணி. இதில் மறந்துபோய் நான்கு போட்டுவிட்டேன். மூன்று போட்டால் ஏன் படிகிறது, நான்கு போட்டால் ஏன் படியமாட்டேன் என்கிறது? நீதான் காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறாயே, சொல்லு பார்ப்போம்” என்றார். உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. காகிதமும் அளவுகோலும் எடுத்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் இங்கே உங்களோடு பார்க்கப் போகிறேன்.

ஒரே கண்ணியின் சுதந்திரம்

ஸ்வெட்டர் பின்ன இரண்டு ஊசிகள் வேண்டும். ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே வரிசையாகக் காத்திருக்கும். குரோஷாவுக்கு ஒரே ஊசி. அதன் நுனியில் கொக்கி. ஒரு கண்ணியை முடித்ததும் ஊசியில் எஞ்சுவது ஒற்றை வளையம்தான். எனவே பின்னல் எந்தத் திசையிலும் திரும்பலாம். நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வளரலாம். பாட்டிச் சதுரம் அப்படித்தான் வளர்கிறது.

இதற்கு இரண்டு வகைக் கண்ணிகள் போதும். ஒன்று, சங்கிலி எனப்படும் எளிய வளையம். மற்றொன்று, ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிக்கொண்டு இழுக்கும் உயரமான கண்ணி. இதைப் பழைய ஆங்கிலப் பின்னல் புத்தகங்கள் ‘ட்ரெபிள்’ என்கின்றன. அமெரிக்க வழக்கில் இதுவே ‘டபுள் குரோஷே’. பெயர்க் குழப்பம் வேண்டாம். நாம் ‘நெடுங்கண்ணி’ என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று நெடுங்கண்ணிகள் சேர்ந்தது ஒரு கொத்து. முதல் சுற்றில் நான்கு கொத்துகள்; அவற்றிற்கிடையே சங்கிலியால் ஆன நான்கு இடைவெளிகளே நான்கு மூலைகள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்துகள், ஆக எட்டு. மூன்றாம் சுற்றில் மூலைகளில் எட்டு, பக்கங்களின் நடுவே நான்கு, ஆக பன்னிரண்டு. சுற்றுக்கு நான்கு கொத்துகள் வீதம் கூடிக்கொண்டே போகும்.

ஏன் மூன்று?

நெடுங்கண்ணியின் உயரம் ஏறத்தாழ அதன் அகலத்தைப்போல் இரு மடங்கு. உயரம் 1 செ.மீ., அகலம் அரை செ.மீ. என்று கொள்வோம். ஒவ்வொரு சுற்றும் சதுரத்தை எல்லாப் பக்கமும் 1 செ.மீ. அகலப்படுத்துகிறது. ஆகவே முதல் சுற்று முடிந்ததும் சதுரத்தின் பக்கம் 2 செ.மீ.; இரண்டாவதில் 4; ஐந்தாவதில் 10. ஐந்தாம் சுற்றின் சுற்றளவு 40 செ.மீ.

அந்தச் சுற்றில் உள்ள கொத்துகள் 20. எனவே ஒரு கொத்து நிரப்பவேண்டிய நீளம் 2 செ.மீ. மூன்று நெடுங்கண்ணிகள் 1½ செ.மீ. இடத்தை அடைக்கும். அடுத்த கொத்துக்கு முன் விடும் இடைவெளி அரை செ.மீ. கூட்டினால் சரியாக 2 செ.மீ.! வேறு எந்தச் சுற்றை எடுத்துக்கொண்டாலும் இதே விடைதான் வரும், செய்து பாருங்கள். சுற்றளவும் கொத்துகளின் எண்ணிக்கையும் ஒரே விகிதத்தில் வளர்வதே காரணம்.

நான்கு கண்ணி போட்டால் என்ன ஆகும்? ஒரு கொத்துக்கு 2½ செ.மீ. தேவை, இருப்பதோ 2 செ.மீ. மிகுதியான அரை செ.மீ. போக இடமில்லாமல் மேலும் கீழுமாக மடிந்து அலையாகிறது. இரண்டே கண்ணி போட்டால் 1½ செ.மீ.தான் தேறும். ஓரம் போதாமல் உள்ளுக்கு இழுக்க, சதுரம் கிண்ணமாகக் குழியும்.

வட்டமாகப் பின்னினாலும் இதே கதைதான். ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 2π, அதாவது 6.28 செ.மீ. கூடவேண்டும். அரை செ.மீ. அகலமுள்ள கண்ணிகள் 12.56 வேண்டும். பின்னல் புத்தகங்கள் சுற்றுக்கு 12 கண்ணி கூட்டச் சொல்கின்றன. மீதி அரைக் கண்ணியை நூலின் இழுபடும் தன்மை ஈடுகட்டிவிடுகிறது.

அப்பளமும் கோழிக்கொண்டையும்

குழிவதும் அலைவதும் பின்னலில் மட்டும் நடப்பதல்ல. ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் ஓர் அருமையான உண்மையைக் காட்டினார். ஒரு பரப்பு வளைந்ததா, தட்டையா என்றறிய அதைவிட்டு வெளியே வந்து பார்க்கவேண்டியதில்லை. பரப்பின்மேலேயே ஊர்ந்து அளந்து பார்த்தால் போதும். சென்னையை மையமாக வைத்து நிலத்தின்மேல் 5,000 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அதன் சுற்றளவு தட்டைத் தளத்தில் 31,400 கி.மீ. இருக்கவேண்டும். உருண்டையான பூமியில் அது ஏறத்தாழ 28,300 கி.மீ.தான் இருக்கும். ஓரம் போதாத கிண்ணச் சதுரத்தின் இனம் நம் பூமி!

ஓரம் மிஞ்சிய பரப்புகளும் நம் கண்ணெதிரே இருக்கின்றன. எண்ணெயில் போட்ட அப்பளம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விரிவதில்லை, அதனால்தான் நெளிகிறது. மாட வீதிப் பூக்கடைகளில் வைத்திருக்கும் கோழிக்கொண்டைப் பூவைப் பாருங்கள். ஓரம் நடுவைக் காட்டிலும் வேகமாக வளர்ந்ததன் விளைவே அந்த மடிப்புகள்.

இதை வட்டிக் கணக்கோடு ஒப்பிடலாம். சுற்றுக்கு இத்தனை கண்ணி என்று ஒரே அளவாகக் கூட்டுவது தனிவட்டி. அளவு சரியாக இருந்தால் பின்னல் தட்டையாகப் படியும். இருக்கும் கண்ணிகளில் நான்குக்கு ஒன்று வீதம் ஒவ்வொரு சுற்றிலும் கூட்டிக்கொண்டே போவது கூட்டு வட்டி. 20 கண்ணி 25 ஆகும். 25 என்பது 31 ஆகும். சில சுற்றுகளிலேயே அடங்காமல் மடிந்து புரளும். லாட்வியாவில் பிறந்த கணித ஆசிரியை டைனா டைமினா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997-இல் இதைத்தான் செய்தார். அதிபரவளையத் தளம் என்னும் பரப்பை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கக் காகித மாதிரிகள்தாம் அதுவரை இருந்தன. அவை எளிதில் கிழிந்துபோகும். டைமினா அதைக் குரோஷாவில் பின்னிக் கொடுத்தார். பெரியம்மா பிழை என்று ஒதுக்கிய அலைச் சதுரமும் அந்தப் பரப்பின் உறவுதான்.

மிச்சம் எவ்வளவு தாங்கும்?

இனி நூல் உருண்டைக்கு வருவோம். நான்காவது மூலைக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது நூல் தீர்ந்துபோகும் வேதனை பின்னுகிறவர்களுக்குத் தெரியும். ஒரு சிறு கணக்கு இதைத் தவிர்க்கும்.

ஒரு கொத்தைப் பின்னி, அதைப் பிரித்து, அது எடுத்துக்கொண்ட நூலை அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள். 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 3 மீட்டர் பச்சை நூல் மிஞ்சியிருக்கிறது. அதில் 15 கொத்துகள் வரும். மூன்றாம் சுற்றுக்கு வேண்டியது 12, போதும். நான்காம் சுற்றுக்கு வேண்டியது 16, போதாது. தொடங்கும் முன்பே தெரிந்துவிட்டது அல்லவா?

ஐந்து சுற்றுச் சதுரம் முழுவதற்கும் வேண்டிய கொத்துகள் 4 + 8 + 12 + 16 + 20 = 60. நூல் 12 மீட்டர். ஒரே சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், அதன் பதினைந்தாம் சுற்று ஒன்றுக்கு மட்டும் 60 கொத்துகள் வேண்டும்! சிறு சதுரம் ஒன்று முழுவதற்கும் போதுமான நூலைப் பெரிய சதுரத்தின் ஒரே சுற்று விழுங்கிவிடுகிறது. மிச்ச நூலுக்குச் சிறு சதுரமே ஏற்றது என்பது அழகுக்காக மட்டும் சொன்னதல்ல என்பது இப்போது விளங்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. சதுரம் சிறிதாகச் சிறிதாக, இணைக்கவேண்டிய ஓரங்களும், உள்ளே செருகி மறைக்கவேண்டிய நூல் நுனிகளும் பெருகும்.

மிச்ச நூலில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, நூலின் பருமன். மெல்லிய நூல் சுற்றுக்கு மேல் தடித்த நூலால் ஒரு சுற்று போட்டால், அதன் கண்ணிகள் அகலமானவை. உள்ளே இருக்கும் சுற்றளவில் அவை அடங்காமல் அலையத் தொடங்கும். நம் கணக்குக்கு எல்லாச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரே பருமன் வேண்டும். இரண்டாவது, நூலின் இனம். கடைகளில் உல்லன் என்று வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அது குளிர்ந்த நீரில் அதிகம் சுருங்குவதில்லை; பருத்தி நூல் முதல் சலவையில் சுருங்கும். இரண்டையும் ஒரே சதுரத்தில் கலந்தால், பின்னும்போது படிந்த சதுரம் துவைத்த பிறகு கோணிக்கொள்ளும். பருத்திக்குத் தனிப் போர்வை போடுவதே நல்லது.

சென்னையில் விரிந்த போர்வை

சதுரம் தட்டையாகப் படிவது எவ்வளவு முக்கியம் என்பதை நம் சென்னையே ஒரு முறை பெரிய அளவில் கண்டது. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் பெண்கள் குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் விரித்த குரோஷாப் போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸ் அதை அப்போது பதிவு செய்தது. இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளை இணைத்துச் செய்தது அது. பிறகு அதைப் பிரித்துத் தேவைப்பட்டோருக்குப் போர்வைகளாக வழங்கினார்கள்.

ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள், வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கைப்பழக்கத்தில் பின்னியவை ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். ஒரு துண்டு குழிந்தால் அக்கம்பக்கத்துத் துண்டுகளை இழுக்கும். அலைந்தால் இணைப்பில் புடைத்து நிற்கும். எல்லோர் கையும் ஒரே கணக்கைக் காத்ததால்தான் அவை ஒரே போர்வையாயின.

நம் 10 செ.மீ. சதுரங்களால் அதே பரப்பை நிரப்புவதாக ஓர் உத்தேசக் கணக்குப் போடுவோம். சதுர மீட்டருக்கு 100 சதுரங்கள். மொத்தம் 11 லட்சத்துக்கு மேல். சதுரத்துக்கு 12 மீட்டர் வீதம் நூலின் நீளம் ஏறத்தாழ 13,400 கி.மீ. பூமியின் விட்டமே சுமார் 12,740 கி.மீ.தான்!

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரே நூலில் நான்கு சுற்றுள்ள மூன்று சதுரங்கள் பின்னுங்கள்: ஒன்றில் கொத்துக்கு இரண்டு கண்ணி, ஒன்றில் மூன்று, ஒன்றில் நான்கு. பின்னத் தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கேட்டுப் பெறலாம். மூன்றையும் மேசைமேல் வைத்து, ஓரத்தை நூலால் அளந்து, நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் நெடுங்கண்ணியின் உயரம் அகலத்தைப்போல் சரியாக இரு மடங்கு இல்லாமல் இருக்கலாம். இறுக்கிப் பின்னும் கைக்கும் தளர்த்திப் பின்னும் கைக்கும் வேறுபாடு உண்டு. அதையும் அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடையை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். “அப்படியென்றால் தடித்த நூலுக்குக் கண்ணி குட்டையாக விழுந்தால், இடைவெளிச் சங்கிலியை விட்டுவிட்டால் சரியாகிவிடும், இல்லையா? நான் அப்படித்தான் போடுவேன்” என்றார். சமன்பாட்டில் ஓர் உறுப்பு கூடினால் மற்றொன்றைக் குறைத்து ஈடுசெய்வதை அவர் நெடுநாளாகச் செய்துவருகிறார். கணக்கில் தவறிப்போய்ப் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். தனக்குக் கணக்கே வராது என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறார்.

உங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்கிறவர் ஒருவர் இருக்கக்கூடும். மூன்று சதுரங்களையும் அவர் முன்னால் வைத்து, கண்ணிகளை எண்ணச் சொல்லுங்கள். பிறகு இந்தக் கணக்கை அவர் உங்களுக்கு விளக்கட்டும்.